ராடிச்சின் பட்டியலில் பொய் ஜெட்டுகள்

நவம்பர் 4, திங்கள்
பிரோஷ்கா என் முடிவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாம் முறை! சரிபார்ப்பவள் என்றால் இப்படியா? ஈய அணுக்கருக்கள் மோதும்போது உண்டாகும் குவார்க்–குளுவான் குழம்பைக் கடந்து வந்தால் ஜெட்டுகள், அதாவது துகள் பீச்சல்கள், பாதிக்குப் பாதி குறைந்துபோகும் என்றே எல்லோரும் அளந்திருக்கிறார்கள். என் அளவில் அவ்வளவு குறையவில்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் குழுத்தலைவர் ராடிச் காட்டியதும் இதைத்தான். அவரிடம் கேட்காத கேள்வி என்னிடம் மட்டும் ஏன்?

டிசம்பர் மாநாட்டுக்கு இது போகாவிட்டால், மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் சொந்த ஊரான ரியேக்காவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நவம்பர் 5
கட்டுரைகளில் ஆயிரம் பெயர்கள், அகரவரிசையில். ராடிச்சுக்கு அடுத்தது ராடோஷ், அதாவது நான். அவர் வாலைப் பிடித்துத் தொங்குகிறேனாம். சாப்பாட்டுக் கூடத்தில் இன்றும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 7
பிரோஷ்கா நேரிலேயே வந்துவிட்டாள். "உன் ஜெட்டுல கொஞ்சம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. எங்கேருந்து வருதுன்னு பாரு." பொறாமை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12
பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

நிரல் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க, உண்மை மோதல்களுக்குள் கணினியில் செய்த பொய் ஜெட்டுகளைக் கலந்து வைப்போம். அந்தச் சோதனைக் கோப்புகளில் பதினொன்று உண்மைத் தரவின் பட்டியலில் கிடக்கின்றன. நாங்களே போட்டதை நாங்களே எண்ணி, கண்டுபிடிப்பு என்று குதித்திருக்கிறோம். பட்டியல் ராடிச் தந்தது. அவருடைய பழைய முடிவும் இதிலிருந்துதான். நான்? திறந்துகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். சீ.

நவம்பர் 13
ராடிச்சிடம் சொன்னேன். காபியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாநாடு முடியட்டும்மா, அப்புறம் திருத்திக்கலாம். மார்ச்ல உனக்கு வேலை வேணும்ல?"

அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும்?

நவம்பர் 14
என்னை என்னன்னு நெனச்சுட்டாரு?

நவம்பர் 18, திங்கள்
இணையவழிக் குழுக் கூட்டத்தில் பதினொரு கோப்புகளின் பெயரையும் திரையில் போட்டேன். ராடிச் தன் கேமராவை அணைத்துவிட்டார். மாநாட்டு உரை போயிற்று.

பிறகு பிரோஷ்கா வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பட்டியலைத் திறந்து பாக்காமலே ஒப்புதல் குடுத்தது நான்தான். அதான் உன்னை அந்தப் பாடு படுத்தினேன்." மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கேட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்
திருத்திய அளவு: பாதிக்குப் பாதி. ஊரார் அளந்ததேதான். மார்ச் முப்பத்தொன்றில் அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ராடிச்சின் பழைய முடிவைத் திரும்பப் பெறும் அறிவிப்பு இன்று வெளியானது. பெயர்ப் பட்டியலில் என்னைத் தேடினேன். எனக்கு மேலே ராடிச் இல்லை; தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தவறு அவருடையது, அதன் கீழே நிற்பது நாங்கள் ஆயிரம் பேர். என் பெயர் ஓரிடம் மேலே ஏறியிருக்கிறது.