நீ பாகூரிலிருந்து கொண்டுவந்த சேதி

காலையில் உன் மருமகள் வாசலில் கூடையை இறக்கினாள். நெத்திலிக் கருவாட்டு வாசம் கூடத்துக்குள் வந்தது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. ஆனாலும் என் கை தானாக உனக்கு மோர் எடுக்கப் போயிற்று.

பதினோரு வருஷத்துக்கு முன், இதே வில்லியனூர் வீட்டு வாசலில்தான், மீனும் கருவாடும் விற்க வந்த நீ எனக்குப் பழக்கமானாய். காலமான என் அப்பா, கல்யாணம், சொத்து எல்லாவற்றிலும் பிரெஞ்சுச் சட்டத்துக்கே உட்படுவதாகக் கையெழுத்துப் போட்டவர். அதனால் என் கல்யாணம் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பதிவானது. அதை முறிக்கவும் புதுச்சேரி கோர்ட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. வழக்கு முடியும்வரை நான் தங்கவேண்டியது இந்த வீடு என்று நீதிபதி எழுதிவிட்டார். கோர்ட்டிலிருந்து யாராவது வந்து பார்க்கும்போது நான் இங்கே இல்லையென்றால், வழக்கையே தள்ளும்படி என் கணவர் கேட்கலாம். தள்ளினால் மறுபடி அவர் வீடு, அவர் கை.

கேட்டு நீ சிரித்தாய். வீராம்பட்டினத்தில் கட்டிய ஒருவனை அறுத்துவிட்டு வந்தவள் நீ.

"எங்க குப்பத்துல நாட்டாரு முன்னால துரும்பக் கிள்ளிப் போட்டா தீந்துது. காலேஜிலாம் படிச்சிட்டு இன்னா மதாமு, கோழியாட்டம் கூண்டுல கெடக்கிற?"

பிறகு குரலை இறக்கினாய். "ஆனா ஒண்ணு. மொதல்ல கெஞ்சுவான். அப்பறம் மெரட்டுவான். ரெண்டுக்கும் நீ அசையலன்னா, உனக்கு எது உசுரோ அதுல கைவெப்பான்."

கெஞ்சினார், மிரட்டினார். பிறகு ஒரு முற்பகல் கொழுந்தன் வண்டியோடு வந்து நின்றான்.

"அண்ணி, பாகூர்ல ஒங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஏறுங்க."

நான் படியிறங்கிவிட்டேன். செதில் ஒட்டிய கையால் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மாமியாளுக்கு மேலு சரியில்லன்னா உங்கண்ணன் வண்டி அனுப்புவானா? எப்பலேர்ந்துடா அம்மாம் பாசம்?"

"கருவாட்டுக்காரிக்கு இங்க இன்னா பேச்சு?"

"பேச்சில்லபா. நான் நடந்து போயிப் பாத்துட்டு வரேன். மதாமு இங்கியே இருக்கும்."

கூடையை அப்படியே என் வாசலில் விட்டுவிட்டுப் போனாய். பிற்பகலில் கோர்ட்டு ஆள் வந்தார். தெருக்கோடியில் என் கணவர் நின்றிருந்தார். இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். சூழ்ச்சி என்பது தெரிந்துவிட்டது. அம்மா இருக்கிறாளா என்பது தெரியவில்லை. எத்தனை தரம் படியில் இறங்கி ஏறினேன் என்று எனக்கே நினைவில்லை. உன் கூடையில் மீன் கெட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வந்தாய், பாதம் வீங்கி.

"எளப்பு நெசந்தான். பொழச்சிக்குவாங்க. 'கேசு முடியறவரைக்கும் எம்பொண்ண அங்கியே இருக்கச் சொல்லு'ன்னாங்க."

அடுத்த எட்டு மாதமும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டில் இருந்தேன்.

தீர்ப்பு வந்ததும் பாகூருக்கு ஓடினேன். மெலிந்துபோயிருந்த அம்மா என் கன்னத்தைத் தடவியபடி கேட்டாள்: "ஒரு தரம் வந்துட்டுப் போவச் சொல்லு, பாக்கணும்னு அந்த மீன்காரிகிட்ட அழுதேனே. தலைய ஆட்டிட்டுத்தான் போனா. அவ சொல்லலியா?"

"சொன்னாம்மா. என்னாலதான் வரமுடியல" என்றேன்.

திரும்பி வந்த மறுநாள் உன்னைக் கேட்டுவிடுவது என்று வாசலிலேயே நின்றேன். நீ கூடையை இறக்கி, "இன்னா மதாமு, மூஞ்சி வாடிக்கெடக்குது?" என்றாய். நெத்திலி இருக்கிறதா என்று கேட்டேன். அப்புறம் அதைக் கேட்கவேயில்லை.

இப்போது சில பெண்கள் என்னிடம் வந்து வழக்கு எப்படியிருக்கும் என்று விசாரிக்கிறார்கள். நீதிபதி முன் துணையில்லாமல் நிற்கவேண்டும், புருஷனிடமே திரும்பிப் போய்விடேன் என்று அவரே சொல்லிப் பார்ப்பார், தெரிந்தவர்கள் எதிரே வந்தால் பார்க்காததுபோல் போவார்கள் என்றெல்லாம் சொல்கிறேன். உன் பொய்யை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த எட்டு மாதத்துக்குள் அம்மா போயிருந்தால் உன் முகத்தில் விழித்திருப்பேனா, தெரியாது. விழிக்கமாட்டேன் என்றே நீ நினைத்திருப்பாய். நினைத்துக்கொண்டேதான் அவ்வளவு தூரம் நடந்து வந்து, என் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னாய்.