திருப்பிக் கேட்காதே என்று பழக்கியது

17 ஜூலை 2003, வியாழன்

மதியம் அக்கா வளையல் இல்லாத வெறுங்கையோடு சோறு போட்டாள். கேட்டபோதுதான் தெரிந்தது. காலையில் எவனோ போனில் தொண்டை கட்டிய குரலில், நான் பேசுவதாகச் சொல்லி, நாலு தங்க வளையலையும் கேட்டிருக்கிறான். வந்த ஆளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வயது எழுபது.

"கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா?"

"நீதானே நைனா சொன்னே, போன்ல எதையும் திருப்பிக் கேக்காத, வர்றவன்கிட்ட குடுத்தனுப்புன்னு?"

சொன்னேன்தான். என் மீன்வலைக் கடையில் வலை வாங்குபவன் எதிரில் நிற்கும்போதுதான், குடோன் சாவியைக் கொடுத்தனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பேசுவேன். அவள் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால், என் சரக்கு நிலவரம் அவனுக்குத் தெரிந்துவிடும். என் கடையில் நின்று கேட்ட எவனோதான் இதைச் செய்திருக்கிறான். அக்கா மேல் கோபம்கூட வரவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்லாவிட்டால் யாரையும் நம்பாதே என்று அக்காவிடம் சொன்னேன்.

சாயந்திரம் கடையிலிருந்து பேசிச் சோதித்தேன். பெயரைக் கேட்டாள்.

"குண்டான்" என்றேன். கல்லா முன்னால் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெயரும் இனி உதவாது.

"பேரு சரியாத்தான் கீது. இருந்தாலும் நீ வூட்டுக்கு வா. மூஞ்சியப் பாத்துட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்தேன். ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள்.