வரிசையில் நின்ற அறுபத்து நான்கு

செப்டம்பர் 3
புது இயந்திரம் வந்து இறங்கியது. ஒரே நேரத்தில் கணக்குப் போட அறுபத்து நான்கு பிராசசர். ஆற்றில் வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் எங்கள் புரோகிராமைப் பழைய இயந்திரம் எட்டை வைத்தே இழுத்துக்கொண்டிருந்தது. கணக்கு முடிந்தால்தான் கரையோரத்துக்கு எச்சரிக்கை போகும். இனி எட்டு மடங்கு வேகம் என்று இயக்குநர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 6
ஓட்டிப் பார்த்தோம். பழையதைவிட மெதுவாக ஓடுகிறது. மெதுவாக! பதினாறை மட்டும் ஓட்டினால் தேவலை. முப்பத்திரண்டில் மந்தம். அறுபத்து நான்கில் படுத்தே விட்டது. மிச்சத்தை நான் விழுங்கிவிட்ட மாதிரி இயக்குநர் முறைக்கிறார்.

அக்காவிடம் போனில் புலம்பினேன். ஆற்றிலிருந்து இரண்டாவது தெரு அவள் வீடு. "ஆள் கூடினா பாம்பு சாகாதுடா" என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது?

செப்டம்பர் 8
ஒன்றும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 12
கண்டுபிடித்துவிட்டேன். எத்தனை சதவீதம் முடிந்தது என்று சுவர்த் திரையில் காட்ட, போன வருடம் இயக்குநர் கேட்டு வாங்கிய அந்த எண்! ஆற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஒரு கட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிராசசரும் அந்த ஒரே எண்ணில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அதைத் தொடலாம், மற்றவை நிற்க வேண்டும். அறுபத்து நான்கு கொத்தனாரை வைத்து, ஒவ்வொரு செங்கல் வைத்ததும் ஒரே கணக்குப்பிள்ளையிடம் வரிசையில் நின்று சொல்லிவிட்டு வா என்றால் சுவர் எப்படி எழும்பும்? எட்டுப் பேராக இருந்தபோது வரிசை தெரியவில்லை.

எடுத்துவிடலாம் என்றேன். "பார்க்க வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டுறது? சும்மா மினுக்குற பெட்டியையா? இருபதாம் தேதி திறப்பு விழா முடியட்டும்" என்றார் இயக்குநர்.

சரி சார் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18
மலைப்பக்கம் கொட்டித் தீர்க்கிறது. பழைய இயந்திரத்தைக் கழற்றியாகிவிட்டது; காலையில் புதியதில், இயக்குநர் சொன்னபடி அறுபத்து நான்கையும் வைத்தே கணக்கைத் தொடங்கினோம். மதியம் திரையில் நாற்பத்தொரு சதவீதம். நிறுத்தி, அந்த எண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்று கெஞ்சினேன். "சோதிக்காம ஓட்டித் தப்பா வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் இயக்குநர்.

அக்காவைக் கூப்பிட்டு உடனே கிளம்பச் சொன்னேன். "கணக்கு வந்துடுச்சா?" இன்னும் இல்லை என்றேன். "போன வருஷம் உன் பேச்சக் கேட்டு மூட்டை கட்டி ஓடினோம், தண்ணியே வரல, தெருவே சிரிச்சுது. கணக்கு வந்ததும் சொல்லு, மாமாவும் கடையச் சாத்திட்டு வந்துடுவாரு."

செப்டம்பர் 19
நேற்று இருட்டும்போது தண்ணீர் வந்துவிட்டது. திரையில் எழுபத்து மூன்று. அக்காவை மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். மாமா கடையில் இருந்திருக்கிறார். இன்னும் கிடைக்கல. நான் கத்தியிருக்கணும். போன்லயே கத்தியிருக்கணும் — ஏன் கத்தல?

செப்டம்பர் 21
கிடைத்தார், உயிரில்லாமல்.

செப்டம்பர் 30
யாரையும் கேட்காமல் அந்த எண்ணை எடுத்தேன். விழா தள்ளிப்போய்விட்டது, தடுக்க ஆளில்லை. அன்றைய மழையையே கொடுத்து, அதே காலை நேரத்தில் ஓட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. அக்கா தெருவில் ஆளுயரத் தண்ணீர் என்று சரியாகவே சொல்கிறது.

அக்டோபர் 14
அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று சாப்பிடும்போது அவளாகவே பேசினாள்.

"அந்த மெஷின் இப்ப ஓடுதாடா?"

"ஓடுதுக்கா."

"என்ன கோளாறாம்?"

சின்னதுதான் என்றேன்.

"பாவம், நீயும் எவ்வளவு கஷ்டப்பட்ட" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.