குத்தகை வயலில் நான் சேர்த்த ஒரு வரி

வரிசைப்படுத்திக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டால் தடுமாறிவிடுவேன்.

1. இன்று கண்ட தாள்கள்.
2. நீ விளக்கிய அடிப்படைகள்.
3. உன் நிரலின் பிழையால் செல்வியின் நாற்று கருகியது.

பீரோவின் அடித்தட்டிலிருந்து தாள்களை எடுத்ததும் கரப்பான் எச்சத்தின் வாடை குமட்டியது. எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்துக்காக, தண்ணீர் முறை யாருக்கு உண்டு என்று சொல்ல நீ எழுதிய நிரலின் அச்சுத் தாள்கள் அவை. நீ ஓய்வுபெற்ற கணினி ஆசிரியன். நான் சங்கச் செயலாளர்.

"எப்படிச் செய்யணும்னு இதுக்குச் சொல்ல வேணாம்பா. உண்மையச் சொல்லு: இந்த வயலு வாய்க்கால் ஓரம் கீது. அப்புறம் விதியச் சொல்லு: வாய்க்கால் ஓரத்து வயலுக்கு முறை உண்டு. கேட்டா அதுவே தேடும். நிரூபிக்க முடிஞ்சா ஆமான்னும், முடியலன்னா இல்லன்னும் சொல்லும்" என்றாய்.

'வயல்' என்று ஒரு பொருள். அதன் பிள்ளையாகக் 'குத்தகை வயல்'. தாயின் விதி பிள்ளைக்கும் வரும். "ஆனா புள்ள அதே விஷயத்துல சொந்தமா ஒரு வரி சொல்லிட்டா, ஆத்தா பேச்ச எடுக்காது. எங்க வூட்டுப் பையன் மாதிரி" என்று சிரித்தாய். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு நிலக்காரர் வந்தார். "நம்ம குத்தகைக்காரனுக்குச் செவ்வாக்கிழம முறைன்னு போட்டுடுங்க சார்." மறுக்கப் பயந்து, 'குத்தகை வயல்' பொருளுக்குள் அந்த ஒரு வயலுக்கு மட்டும் முறை சொல்லும் ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்து அபிஷேகப்பாக்கத்துச் செல்வி வந்தாள். அவளும் குத்தகைக்குப் பயிர் வைப்பவள். கணினி 'இல்லை' என்றது.

"இன்னா சார், போன போகம் வுட்டீங்களே?"

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா."

நாற்று கருகியது. கூட்டத்தில் உன்னைத்தான் ஏசினார்கள்: "பொட்டியத் தூக்கினு போய்யா!" நீ என்னைப் பார்த்தாய். நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தத் தாள்களை வரி வரியாகப் படித்தேன். என் செவ்வாய்க்கிழமை வரி அங்கேயே இருந்தது. அந்த ஒன்றால் தாயின் விதி மறைந்து, மற்ற குத்தகை வயல்களுக்கெல்லாம் 'இல்லை' வந்திருக்கிறது. அறியாமல் செய்தேன் என்று எழுதத் தொடங்கினேன். குறிப்பேட்டில் உன் எச்சரிக்கை என் கையெழுத்திலேயே இருக்கிறது. என் கையைப் பார்க்கவே அருவருத்தது.

செல்வியிடம் போய்ச் சொன்னேன். அவள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"அவரு அப்பவே சொல்லிட்டாரு சார். 'பயந்த ஆளு, வுட்டுடும்மா'ன்னாரு."

நீ இறந்துபோன பிறகும் அந்த இரக்கத்தைச் சுமக்கிறேன், அதுவும் குமட்டுகிறது. மூன்றாவதாக எழுதியது தவறு. பிழை உன் நிரலில் இல்லை. அந்த நாற்றைக் கருக்கியவன் நான்.