கலங்கிய பட்டை

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் நலமா என்று கேட்க உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எங்கள் குழுத் தலைவர் போன வாரம், படிகத்தில் நியூட்ரான்களைப் பாய்ச்சி அளக்கும் கூடத்துக்கே வந்து உங்கள் மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். 'படிகம் சுத்தமில்ல, அவ அவசரப்பட்டுட்டா' என்கிற பொருளில் அவருக்கு எழுதினீர்களாமே? உலைக்கு முன்னால் வெந்து அந்தப் படிகத்தை வளர்த்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கட்டியவரே நம்பாதபோது மற்றவர் எப்படி நம்புவார்? எனக்குத் தந்திருந்த அளவீட்டு நேரத்தில் பாதியை வெட்டிவிட்டார்.

ஒழுங்கான காந்தத்துக்குள் அணுக்காந்தங்கள் வரிசையாக நிற்கும், ஒன்றைத் தட்டினால் அலையாக ஓடும், அது திரையில் மெல்லிய கோடாக விழும். இது உங்களுக்குப் பாலபாடம். எனக்கும்தான். ஆனால் என் படிகத்தில் கோட்டுக்கு மேலே பட்டையாகக் கலங்கித் தெரிகிறதே, கண்ணை மூடிக்கொள்வதா?

மிஞ்சிய நேரத்தில் இன்னொரு படிகத்தை வைத்தேன். அதே கலங்கல். பிறகு காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். கலங்கல் மெல்ல ஒடுங்கி, கடைசியில் ஒற்றைக் கோடாக நின்றது. 'அழுக்குன்னா புலத்தைப் பாத்துப் பயந்து ஓடுமா?' என்று கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. புலம் இல்லாதபோது அந்த அலை முழுசாக ஓடாமல் துண்டுகளாகப் பிரிகிறது என்று நினைக்கிறேன். அதை நிறுவக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு உங்களுக்குத்தான் வரும். என் தலையெழுத்து!

குட்டிக்கு இருமல் நின்றதா? போனில் 'சரியாயிடுச்சு' என்று நீங்கள் சொல்லும்போதே பின்னால் இருமுகிறாள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதையும் அளவீட்டுப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லா அளவீடுகளையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பாருங்கள். பார்த்துவிட்டு, தலைவருக்கு நீங்களே எழுதுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். பார்க்காமல் சொன்னேன், தவறு என்று எழுதினால் போதும். இன்னமும் அழுக்கு என்றே தோன்றினால் அதை என்னிடம் சொல்லுங்கள், மல்லுக்கட்டலாம். ஊருக்கெல்லாம் தெரிந்தபின் கடைசியில் எனக்குத் தெரிவதுதான் பொறுக்கவில்லை.

இங்கே இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா எப்போது வருவாள் என்று குட்டி கேட்டால் நீங்களாக ஏதும் சொல்லிவைக்காதீர்கள். உங்கள் பதில் வரட்டும், நானே சொல்கிறேன்.

கோபம் குறையாத அன்புடன்,
குட்டியின் அம்மா