ஒத்திகை மாதத்து ஊசி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அக்கா, பெரிய மாப்பிள்ளை, பேரன், நான் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்தச் சுகத்தின் மேலேயே எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் நீயும் உன் அக்காவும்தான்.

ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவள் நான். கழிப்பறைக் கதவு தாழ் போட்டிருந்தால் உள்ளே இருப்பது வயிற்றுக் கோளாறா டிக்கெட் கோளாறா என்று வெளியே நின்றே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் கண்ணிலேயே மண்ணைத் தூவலாம் என்று நினைத்தீர்களே. காலையில் அக்காவின் போனில் அலாரம் அடிக்கும், உடனே குளியலறைக்குள் போய்விடுவாள். கேட்டால் சத்து மாத்திரையாம். சத்து மாத்திரையை யாராவது கதவைச் சாத்திக்கொண்டு விழுங்குவார்களா? காபியை நிறுத்தினாள், கண்ணாடிக் கடை வேலைக்கு அடிக்கடி அரைநாள் லீவு போட்டாள், அலமாரியில் போர்வை மடிப்புக்குள் ஊசியும் மருந்துமாக ஒரு பை இருந்தது. பெரிய மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். திருதிருவென்று முழித்துவிட்டு, ஏசி பழுது பார்க்கப் போவதாக ஏணியைத் தூக்கிக்கொண்டு நம் மொட்டைமாடிக்கே போனார். அங்கே ஏது ஏசி? பெரிய வியாதி ஏதோ வந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை அவள் கிளம்பியபோது அதே பஸ்ஸில் பின்பக்கமாக நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அவள் ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிடக்கூட இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தங்கச்சி பிள்ளையைத் தன் வயிற்றில் சுமக்கப் போவதாகச் சொன்னாள். போன விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது வயிறு உப்பசம் என்று சுருண்டு படுத்தாயே, கருமுட்டை எடுத்ததுதான் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கர்ப்பப்பையை எடுத்த அன்று உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னிடமே இதைச் சொல்லத் தோன்றவில்லை, பார்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. நீ அழுதிருப்பாய், அவள் இளகியிருப்பாள் என்று நினைத்தேன். பேரனை ஆபரேஷன் செய்து எடுத்தபோது அவள் படுத்த பாட்டை நான் மறக்கவில்லை. அந்தத் தையல் தாங்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தழும்பின் கனத்தை அளந்து பார்த்ததாகவும் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். திரும்பக் கேட்டேன், அதையே திரும்பச் சொன்னார். இந்த மாதம் ஒத்திகைதானாம். மருந்துக்குக் கர்ப்பப்பையின் உள்சுவர் சரியாகத் தடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்களாம், உறைய வைத்திருக்கும் உங்கள் கருவை அடுத்த மாதம்தான் வைப்பார்களாம். பிறகு மனநல ஆலோசகர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். நான் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கதவு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் நானே கேட்டேன், யார் உன்னை வற்புறுத்தினார்கள் என்று. "அவ கேக்கவே இல்லம்மா, நான்தான் அவகிட்ட கேட்டேன்," என்றாள். பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மனசு வருமா என்றேன். அது தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடுமே, அது போதாதா என்றாள். சொல்லும்போது அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பாதிதான் நம்பினேன். சின்ன வயதில் ரயிலில் ஜன்னலோர இடத்தை உனக்கு விட்டுவிட்டு, காத்து ஒத்துக்கல என்று சொன்னவள் அவள். நீ தூங்கிய பிறகு எட்டி எட்டி வெளியே பார்ப்பாள். நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை மாதத்துக்கே இப்போது இடுப்புக்குக் கீழே தினமும் ஓர் எண்ணெய் ஊசி போட வேண்டும். மாப்பிள்ளை ஊசியைக் கண்டாலே ஏணியைத் தேடுகிறார், அதனால் நர்ஸிடம் கற்றுக்கொண்டு நான்தான் போடுகிறேன். மருந்துக்குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கித்தான் போடுகிறேன், அப்படியும் அந்த இடம் கன்றிப்போய் அவள் ஒருக்களித்தே படுக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். மனசில் எதையாவது வைத்துக்கொண்டு அழாதே. உனக்கு வரப்போகிற பிள்ளை நல்லபடியாக வந்து சேர வேண்டும், இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. கரு வைப்பதற்கு முன்னால் லீவு சொல்லிவிட்டு இங்கே வந்து சேர். நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு அக்கா, "ஊசி வலிக்கவே இல்லைன்னு எழுதிடுங்கம்மா" என்றாள். சரி என்று தலையாட்டினேன், ஆனால் அப்படி எழுத மாட்டேன். வலிக்கிறது. ஊசி இறங்கும்போது அவள் தலையணை உறையைக் கவ்விக்கொள்கிறாள். அது உனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் இன்னும் முழுதாக நம்பாத
அம்மா