பத்து நிமிடத்தில் இறுகிவிடும்

மார்ச் 3, ஞாயிறு

சின்னவளின் கன்னம் இன்றும் வரவில்லை. தட்டில் கலக்கும்போது அவள் நிறம்தான். பலகையில் வைக்கும்போதும் அவள் நிறம்தான். பத்து நிமிடத்தில் அக்ரிலிக் காய்ந்து, நிறம் ஒரு படி கறுத்துவிடுகிறது. மேலே திருத்தினால் திட்டுத் திட்டாக நிற்கிறது. நாலு மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்து யாரோ தூரத்து உறவுக்காரி ஒருத்தியை வரைந்து வைத்திருக்கிறேன்.

வேலையிடத்தில் எனக்கு நல்ல பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடம். எந்த வாய்க்கு எந்த வெள்ளை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். சொந்தத் தங்கையின் கன்னம் மட்டும் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அம்மாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். போனில் மறுபடியும் அதே பேச்சு. "கட்டுப் பிரிச்சதும் மொதல்ல சின்னவ மொகத்தத்தான் பாக்கணும். போட்டோல எல்லாம் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறா. நீதான் வரைவியே."

முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மார்ச் 5, செவ்வாய்

ஆயில் பெயின்டுக்கு மாறலாம் என்று தோன்றுகிறது. அது நாள் கணக்கில் ஈரமாகவே இருக்குமாம். தப்பு செய்துவிட்டு யோசிக்க நேரம் கிடைக்கும்.

இத்தனை வருடம் ஏன் மாறவில்லை என்று எனக்கே ஒரு கணம் மறந்துபோயிருந்தது. சின்னவளுக்கு வீசிங். டர்பன்டைன் மூடியைத் திறந்தாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். வாரா வாரம் இங்கே வருவாள் என்பதால் வாசனையே இல்லாத அக்ரிலிக் போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது யாருக்கு மூச்சு முட்டப் போகிறது?



மார்ச் 9, சனி

கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு என்னைவிட ஒரு பதினைந்து வயது குறைவாக இருக்கும். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறாள்.

"அவசரப்பட்டா ஆயில் உங்ககிட்ட வராது மேடம். மொத அடுக்கு நல்லா டர்பன்டைன்ல கரைச்சு, மெலிசா. போகப் போகத்தான் எண்ணெய் சேக்கணும். பழைய அக்ரிலிக் படம் ஏதாவது இருந்தா அது மேலயே தீட்டலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா ஆயில் மேல அக்ரிலிக் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒட்டாது. தோல் மாதிரி உரிஞ்சு கையோட வந்துடும்."

"நான் எதுக்கு அப்பிடிப் பண்ணப் போறேன்?" என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்வாங்க" என்று சிரித்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

பழைய படத்தை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். சின்னவள் உயிரோடு இருந்தபோது உட்காரவைத்து அக்ரிலிக்கில் வரைந்தது. அதற்கு மேலேயே தீட்டுவது என்று முடிவு.

அவளுக்கு வாய் எப்போதும் அரை அங்குலம் திறந்தே இருக்கும். மூக்கால் மட்டும் மூச்சு விட்டால் போதாது அவளுக்கு. படத்துக்கு அது நன்றாக இருக்காது என்று வாயை மூடச் சொல்லி வரைந்தேன். முடித்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லக்கா. நீ சொல்ற பேச்சக் கேக்கிற நான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் செய்த வேலை. வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் இரண்டு வாரம் வரவில்லை.

முதல் அடுக்கு போட்டாயிற்று. வீடு பூராவும் டர்பன்டைன். "இது வீடா, கார் ஷெட்டா?" என்று அவர் கேட்டார். மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லாத கணவர்.

மார்ச் 17, ஞாயிறு

கன்னம் வந்துவிட்டது. ஈரத்தோடு ஈரமாக நிறத்தை இழைத்துக்கொண்டே போனேன், விரல்நுனியால்கூட. சின்னவளே வந்து வெளிச்சத்தில் கன்னத்தைக் காட்டியது போல இருந்தது. ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே தீட்டினேன்.

பிறகு ஒரு சத்தம். மெல்லிய விசில். இழுத்து விடுவது போல, நின்று நின்று. எனக்குத் தெரிந்த சத்தம்.

அவரைக் கூப்பிட்டேன். வாசனை போகத் திறந்து வைத்திருந்த சன்னலைத் தட்டிப் பார்த்து, "சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, காத்து பூந்து வருது" என்று காகிதத்தை மடித்துச் செருகினார்.

காகிதம் வைத்த பிறகும் கேட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று வாயை முடித்தேன். மூடிய வாய்தான், கீழே இருந்த பழைய கோட்டின் மேலேயே. இன்று காலை பார்த்தால் உதடு பிரிந்திருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

கடைக்காரப் பெண்ணுக்கு போன் செய்தேன். "எண்ணெய் ஜாஸ்தியா ஊத்திட்டீங்க மேடம். அதை நிமித்தி வச்சா கீழ வழியத்தான் செய்யும். படுக்க வச்சுக் காயவைங்க."

அவ்வளவுதான் விஷயம். எண்ணெய் வழிந்திருக்கிறது. இதற்குப் போய் நான் ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தேன். உதட்டைச் சேர்த்துத் தீட்டி, மேசைமேல் படுக்க வைத்துவிட்டேன்.

மார்ச் 27, புதன்

மறுபடியும் திறந்திருக்கிறது. படுக்க வைத்தும்.

இந்தத் தடவை உதடுகளுக்கு நடுவே ஒரு பல். சின்னவளின் மேல்வரிசை முன்பல். சின்ன வயதில் உடைந்து, நான் வேலைக்குச் சேர்ந்தபின் நானே உறை செய்து போட்டது. அதன் வெள்ளையில் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்திருந்தேன், பக்கத்துப் பல்லோடு பொருந்த. அந்த ஒரு சொட்டும் அங்கே இருக்கிறது.

அவர் குனிந்து பார்த்தார். "இது வழிஞ்ச மாதிரி இல்லையே. பிரஷ் போன தடம் தெரியுது. நீதான் வரைஞ்சிருக்க."

நானா? எப்போது? இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் இந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அது ஞாபகம் இருக்கிறது. பிரஷ்ஷைத் தொட்டதாக ஞாபகமே இல்லை.

மார்ச் 28, வியாழன்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

அன்றும் வியாழன்தான். பகல் பன்னிரண்டு இருக்கும். கூடத்தில் ஒரு செட்டுக்கு ஈறு வைக்க அக்ரிலிக் பொடியைத் திரவத்தில் கலந்திருந்தேன். கலந்துவிட்டால் பத்து நிமிடம்தான், பிறகு கல். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, ஒரு வாரம் உன் வீட்ல வந்து இருக்கட்டுமா? கீழ் வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க. ரொம்ப முட்டுது."

இரண்டு வாரம் கழித்து முதல் பேச்சு. அவளே இறங்கி வந்திருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனாலும் உடனே வா என்று சொல்ல மனசு வரல. கொஞ்சம் இருக்கட்டும்னு ஒரு வீம்பு. கிண்ணத்துல மாவு வேற இறுகிட்டிருக்கு. "ஞாயித்துக்கிழமை வாடி. கையில வேலையா இருக்கேன்"னு வச்சிட்டேன்.

சனிக்கிழமை அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கதவை உடைத்துப் பார்த்தார்.

அந்த செட் நன்றாகவே வந்தது. ஒரு குற்றம் சொல்ல முடியாது.

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவாள்: "யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலியே அவ." நான் பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டியிருக்கிறேன். அதற்கா தலையை ஆட்டினேன் நான்? எப்படி ஆட்டினேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

விசில் இப்போது சன்னல் மூடியிருந்தாலும் கேட்கிறது. அந்த வாய் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். கண் தெளிந்த கையோடு அம்மா அதைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்துவிடும். என்னால் முடியாது. அம்மாவுக்கு ஏதாவது ஒரு போட்டோவைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடலாம்.

பழைய வெள்ளை அக்ரிலிக் டப்பாவை எடுத்து முகம் முழுக்கப் பூசிவிட்டேன். ஒட்டாது என்று தெரிந்தேதான் செய்தேன். பத்து நிமிடத்தில் காய்ந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

சத்தம் இல்லை. வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

வெள்ளை சுருங்கி வெடித்துவிட்டது. முதலில் வெடித்த இடம் வாய்.

கூடத்திலிருந்து மெழுகுக் கத்தியைக் கொண்டுவந்து ஓரத்தில் நெம்பினேன். கடைக்காரப் பெண் சொன்னது போலவே, ஒரே தோலாக உரிந்து கையில் வந்தது. அடியில் சின்னவள் ஈரமாக அப்படியே இருக்கிறாள். உரிந்த தோலின் உள்பக்கத்தில் அவள் முகம் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

நாளை அம்மாவுக்கு ஆபரேஷன். சனிக்கிழமை இங்கே வருகிறாள்.

ஏப்ரல் 20, சனி

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்கடி?" என்றாள்.

"இன்னும் முடியலம்மா. வாசனை வேற. கண்ணுக்கு ஆகாது."

"வாசனைய வச்சே நான் கண்டுபிடிச்சிப்பேன்" என்று நேராக அந்த அறைக்குள் போய்விட்டாள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா முகத்தைப் படத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு என் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது.

"வாயத் தொறந்து வச்சிருக்கா" என்றாள். "இப்பிடித்தான் கேட்டா."

"எப்போம்மா?"

"அந்த வியாழக்கெழம. காலையில போன் பண்ணி, வந்து இருக்கட்டுமான்னு கேட்டா. எனக்கே கண்ணு தெரியாம தடவிக்கிட்டுக் கெடக்கேன், உன்ன எப்பிடிப் பாத்துப்பேன், அக்கா வீட்டுக்குப் போடின்னேன்."

என் வாயிலிருந்து அப்போதுதான் வந்தது. இரண்டு வருடமாக வராதது. "எங்கிட்டயும் கேட்டாம்மா. நான்—"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கிட்டப் பேசிட்டு மறுபடியும் எனக்குப் பண்ணினா. 'அக்கா ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டா. கோவமெல்லாம் போயிடுச்சு அவளுக்கு'ன்னா. சந்தோஷமாத்தான் சொன்னா. மூச்சு வாங்கிச்சு. சொன்னப்பவே வாங்கிச்சு. அப்பவாவது ஒரு ஆட்டோ புடிச்சு இங்க வாடின்னு நான் சொல்லிருக்கணும்." அம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். டாக்டர் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பது ஞாபகம் வந்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். "நடுவுல ரெண்டு நாள்தானேடி, பொறுத்துக்கன்னேன்."

பஞ்சை எடுத்து அம்மாவின் கன்னத்தில் மட்டும் ஒற்றினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வாயைத் திருத்தவா என்று அம்மாவிடம் கேட்டேன். "தொட்டியானா தெரியும் சேதி" என்றாள். படத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

மே 19, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். படம் இருக்கும் அறையின் சன்னல் திறந்தே கிடக்கிறது. மழை அடித்து அடியில் தரை ஊறிப்போயிருந்தது. மூடலாமே என்றேன்.

"மூடினா அவளுக்கு முட்டும்."

நான் துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன். சன்னலைத் தொடவில்லை.

ஜூன் 20, வியாழன்

கூடத்தில் ஒரு கீழ்வரிசை செட். பொடியைக் கலந்து கையில் எடுத்தாயிற்று. போன். அம்மா.

"ஒண்ணுமில்லடி. ஒரு வாரம் உன் வீட்ல வந்து இருக்கட்டுமான்னு—"

"இன்னைக்கே வா. இரு, நானே வர்றேன்."

"வேலை நேரமில்ல?"

"வர்றேம்மா. போன வைக்காத. பேசிக்கிட்டே இரு."

"அவளையும் எடுத்துக்கட்டுமா? உதடு மட்டும் இன்னும் காயல. இப்பத்தான் தொட்டுப் பாத்தேன், வெரல்ல ஒட்டுது."

"எடுத்துக்க."

கலந்து வைத்த அக்ரிலிக் கிண்ணத்திலேயே கிடந்தது. முதலாளி என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. காதில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். படியில் இறங்கும்போது, கிண்ணத்தில் அது இறுகும் என்று ஒரு தடவை நினைத்தேன்.